சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன்

கடையநல்லூரைச் சொந்த ஊராகக் கொண்டு ஷார்ஜாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இளையவனுக்கு மூன்று மாதம். மே மாதம் முப்பது நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறேன். இருவருக்கும் ஒரே நாளில் சுன்னத் செய்து, சுன்னத்தை ஒட்டி நடத்தும் விழாவான மார்க்கக் கல்யாணத்தையும் சேர்த்து வைத்துவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். எந்த வயதில் செய்வது நல்லது, லேசர் முறை சிறந்ததா, மயக்க மருந்து ஆபத்தா, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள். இளையவன் பாதி சுன்னத் ஆனவனாகவே பிறந்திருக்கிறான், அது பாக்கியம் என்கிறார் என் உம்மா. மீதித் தோலை லேசாக எடுத்தால் போதுமாம். என் மனைவியின் தம்பிக்குச் சின்ன வயதில் சுன்னத் செய்தபோது இரண்டு நாள் இரத்தம் நிற்கவில்லை என்று மாமியார் பயப்படுகிறார். அது அந்தக் காலத்துக் கத்தி, இப்போது அப்படி ஆகாது என்று நான் சமாதானம் சொல்லியிருக்கிறேன். என் அறையில் தங்கியிருக்கும் சங்கரன்கோவில் நண்பரின் மூன்று வயது மகனுக்கு முன்தோல் பின்னால் போகவில்லை என்று சுன்னத் செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவர் தூக்கமில்லாமல் இருக்கிறார். அவருக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.”

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதுகிறேன். ஆனால், கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன இரண்டு செய்திகள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவரும் எனக்கு, வயதையும் லேசரையும் விட அவ்விரண்டும்தான் முதலில் கண்ணில் பட்டன. ஒன்று, இளையவன் பாதி சுன்னத் ஆனவனாகப் பிறந்தது. மற்றொன்று, உங்கள் மைத்துனருக்கு இரண்டு நாள் இரத்தம் நிற்காமல் போனது. இவ்விரண்டுக்கும் விடை தெரியும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இளையவனைப் பற்றிச் சொல்கிறேன். முன்தோல் இயல்பாகவே குட்டையாக இருந்து, மற்ற எல்லாம் சரியாக அமைந்திருக்கும் குழந்தைகள் உண்டு. உங்கள் மகனும் அப்படிப் பிறந்தவனாக இருக்கலாம். ஆனால், ‘பிறவியிலேயே சுன்னத் ஆன பிள்ளை’ என்று மகிழ்ச்சியோடு என்னிடம் தூக்கிவரப்பட்ட குழந்தைகளில் பலருக்கு நான் கண்டது வேறு. ஆண்குறியின் மேற்புறத்தில் தோல் முக்காடு போட்டதுபோல் தாராளமாகத் தொங்கும். கீழ்ப்புறத்தில் தோலே இருக்காது. குறியின் நுனியான மொட்டுப் பகுதி பாதி திறந்து தெரிவதால் பார்ப்பவர்களுக்குச் சுன்னத் ஆனதுபோல் தோன்றும். அந்த மொட்டை மெதுவாகத் தூக்கிக் கீழே பார்த்தால், நுனியில் இருக்க வேண்டிய சிறுநீர்த்துவாரம் சற்றுக் கீழே தள்ளி, சில குழந்தைகளுக்குத் தண்டின் நடுவிலோ விரைப்பையை ஒட்டியோகூட அமைந்திருக்கும். சில குழந்தைகளுக்குக் குறி கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும். இதை ஹைப்போஸ்பேடியாஸ் என்கிறோம். ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருப்பதால், அரிதான குறை என்று சொல்வதற்கில்லை. யாருடைய பாவத்தாலும் வருவதில்லை, கருவுற்றிருந்தபோது தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று பழி சுமத்துவதற்கும் இடமில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையைப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் செய்கிறோம். புதிய சிறுநீர்ப்பாதையை அமைக்கவும், அமைத்த பாதைக்கு மேல் போர்வை போர்த்தவும் எங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த துணி, அந்தக் குழந்தையின் முன்தோல்தான். ‘மீதித் தோலை லேசாக எடுத்தால் போதும்’ என்று சொல்லி எடுத்து எறிவது, தைக்க வேண்டிய சட்டையின் துணியையே வெட்டி எறிவது போன்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஏழு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய வாப்பா என்னிடம் அழைத்து வந்தார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்று சிறுநீர் கழிக்க முடியவில்லை, காலெல்லாம் நனைகிறது, கேலி செய்கிறார்கள் என்பதால் பள்ளிக்குப் போகவே மறுத்துவிட்டான். கைக்குழந்தையாக இருந்தபோதே, கீழே துவாரத்தைப் பார்க்காமல் எங்கோ சுன்னத் செய்திருந்தார்கள். தோல் மிச்சமில்லாததால் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து, இடைவெளி விட்டு இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்து பாதையை அமைக்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தையிலேயே ஒரே தடவையில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. அந்த வாப்பா என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் என் மனத்தில் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மனைவி வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். குழந்தையைத் துணியில்லாமல் வெளிச்சத்தில் படுக்க வைத்திருக்கும்போது அவன் சிறுநீர் கழித்தால், தாரை நுனியிலிருந்து முன்னோக்கி எழும்புகிறதா, அல்லது அடிப்புறத்திலிருந்து கிளம்பித் தொடையையும் விரைப்பையையும் நனைக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு விரைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்பதையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். துவாரம் கீழே இருந்து விரையும் இறங்காமல் இருந்தால் கூடுதலான பரிசோதனைகள் தேவைப்படும். வீட்டில் பார்த்ததில் எல்லாம் சரி என்று தோன்றினாலும், குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் தோலில் யாரும் கை வைக்கக் கூடாது. குறி சதைக்குள் புதைந்திருக்கும் குழந்தைகளுக்கும், விரைப்பைத் தோல் குறியின் அடியோடு ஒட்டி இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உங்கள் உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்கக்கூடும். பாக்கியம் இல்லை, குறை என்று முகத்துக்கு நேரே சொல்லி அவரை நோகடிக்க வேண்டியதில்லை. பேரனுக்குப் பின்னால் தேவைப்படும் தோல் இது, அதனால் இப்போது தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். குறையைச் சரிசெய்யும் சிகிச்சையின் முடிவில் முன்தோல் பெரும்பாலும் பயன்பட்டுத் தீர்ந்துவிடுவதால், குழந்தை சுன்னத் ஆனவனாகவே வீடு திரும்புவான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் மனம் ஆறும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். உங்கள் மாமியாரின் பயத்தை நீங்கள் சமாதானம் சொல்லி அடக்கியிருக்கிறீர்கள். அவருடைய பயம் நியாயமானது. கத்தி பழையதாக இருந்திருக்கலாம். ஆனால், நல்ல இரத்தமுள்ள பிள்ளைக்கு இரண்டு நாள் கசிந்துகொண்டே இருப்பதற்குக் கத்தியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்று குறைவாக இருக்கும் ஹீமோஃபீலியா என்னும் நோயைத் தாய் சுமப்பாள், நோயாக வெளிப்படுவது பெரும்பாலும் மகனிடத்தில். தாயின் தம்பிக்கு அது இருந்தால் தாயும் அதைச் சுமப்பவராக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூதில், விருத்தசேதனத்தால் முதல் இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்றும், சகோதரிகளின் பிள்ளைகள் இறந்திருந்தாலும் அதே விதி என்றும் பேசப்பட்டிருக்கிறது. நோயின் பெயர் தெரியாத காலத்திலேயே, அது தாய்வழியில் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறார்கள்.

மூத்தவனுக்கு ஐந்து வயது வரை ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். லேசான வகை ஹீமோஃபீலியா, பல் பிடுங்கும்வரையோ கத்தி படும்வரையோ வெளியில் தெரியாமலே இருக்கும். தடுப்பூசி போட்ட தொடையில் பெரிய வீக்கம் கட்டியதா, விளையாடி விழுந்த இடங்களில் கன்றிப்போய்ப் பல நாள் இருந்ததா, மூக்கில் இரத்தம் வந்தால் நிற்க நேரமாகிறதா, தொப்புள்கொடி விழுந்தபோது அதிகம் கசிந்ததா என்று உங்கள் மனைவியிடம் நிதானமாகக் கேளுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கை, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஏ.பி.டி.டி. ஆகிய சோதனைகளை எல்லா நல்ல ஆய்வகங்களிலும் செய்கிறார்கள். லேசான வகையில் இந்தச் சோதனைகள் சரியாக இருப்பதுபோலவே காட்டிவிடக்கூடும் என்பதால், குடும்பத்தில் இப்படி ஒரு செய்தி இருக்கும்போது எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி என்னும் உறைதல் புரதங்களின் அளவையும் பார்த்துவிடுவதே முறை. குறை இருப்பதாகத் தெரிந்தாலும் சுன்னத்தே கூடாது என்று பொருளில்லை. குறைந்திருக்கும் காரணியை ஊசி மூலம் கொடுத்து, அதற்கு வசதியுள்ள மருத்துவமனையில், இரத்தநோய் மருத்துவரின் துணையோடு செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்னும் நிலை வந்தால் தள்ளிப்போடுவதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நான் பேசிப் பார்த்த ஆலிம்களில் எவரும் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கச் சொன்னதில்லை.

இனி, இரண்டு பிள்ளைகளுக்கும் தடை எதுவும் இல்லை என்று தெரிந்தபின் எழும் கேள்விகள். வயதைப் பொறுத்தவரை, பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் செய்தால், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு எளிதாகச் செய்துவிடலாம், சிக்கல்களும் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கைக்குழந்தைகளுக்குச் சிக்கல் ஏற்படுவது நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவிலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஆறு என்ற அளவிலும் இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சிறு இரத்தக் கசிவும் வீக்கமும்தான். ஐந்து வயதுப் பிள்ளையைப் பொறுத்தமட்டில், நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள விழித்த நிலையில் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மயக்க மருந்து நிபுணர் உடனிருக்க, முழு மயக்கத்தில், முதுகின் அடியில் வலிமறுப்பு ஊசியும் போட்டுச் செய்தால், விழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது. ஆரோக்கியமான பிள்ளைக்கு இன்றைய மயக்க மருந்து மிகப் பாதுகாப்பானது. சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிவைக்க வேண்டும், திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். அன்பு மிகுதியால் பாட்டிமார் காலையில் ஒரு இடியாப்பத்தை ஊட்டிவிடுவதுதான் நான் கண்ட ஆபத்துகளில் பெரியது.

பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். மிட்டாய் வாங்கப் போகிறோம், எறும்பு கடிப்பதுபோல் இருக்கும் என்று சொல்லி அழைத்து வரப்பட்ட பிள்ளைகள், அதன்பின் தடுப்பூசிக்குக்கூட வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு முன்பே, தூங்க வைத்துச் செய்வார்கள், எழுந்தபிறகு கொஞ்சம் வலிக்கும், மருந்து தருவார்கள், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதைப் புரிந்துகொள்வான்.

லேசர் என்று பலகையில் எழுதியிருக்கும் பல இடங்களில் உள்ளே இருப்பது மின்சாரத்தால் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் கருவிதான். அந்தக் கருவி தன்னளவில் தவறானதில்லை; எந்த வகை என்பதே முக்கியம். மின்சாரம் முனையிலிருந்து உடல் வழியாக ஓடித் தொடையிலோ முதுகிலோ ஒட்டிய தகட்டுக்குச் செல்லும் மோனோபோலார் வகையைக் குறியின் மீது பயன்படுத்தினால், குறுகிய அடிப்பகுதியில் வெப்பம் திரண்டு குறியே கருகிப்போகும் ஆபத்து உண்டு. 1966இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு கைக்குழந்தை மின்கருவியால் குறியை இழந்தது உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படும் பாடம். இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் மின்சாரம் பாயும் பைபோலார் வகை பாதுகாப்பானது. கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிபெல் என்னும் பிளாஸ்டிக் வளையமும் நல்ல முறையே. ஒரு வாரம் பத்து நாளில் தானாக விழுந்துவிடும், விழாவிட்டால் காட்ட வேண்டும். எந்த முறை என்பதைவிட, செய்பவர் அறுவைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, உங்கள் பிள்ளைக்கென்று தனியாக ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் கிருமிநீக்கம் செய்த கருவிகள் இருக்கின்றனவா, இரவில் இரத்தம் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் பல பிள்ளைகளுக்குச் செய்யும் முகாம்களில் இரண்டாவது கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். வெந்நீரில் போட்டு எடுத்த கருவி மஞ்சள்காமாலைக் கிருமியைச் சுமக்கக்கூடும். பரம்பரையாகச் சுன்னத் செய்துவந்த பெரியவர்களின் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், மயக்கமும் இரத்தப் பரிசோதனையும் உங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்போது அது வீட்டுத் திண்ணையில் நடக்கக்கூடிய காரியமில்லை.

செய்தபின் ஓரிரு நாள் வீக்கம் இருக்கும். மொட்டின் மீது மஞ்சளாக ஒரு படலம் படியும். அதைச் சீழ் என்று நினைத்துத் துடைத்தெடுத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம். அது ஆறும் புண்ணின் இயல்பு, தானாகப் போய்விடும். தந்த களிம்பைத் தடவி, தளர்வான சாரமோ (லுங்கி) மெல்லிய துணியோ உடுத்தி விடுங்கள். சாம்பல், மஞ்சள்தூள், முகப்பவுடர் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். சைக்கிள் ஓட்டவும் ஆற்றில் குதிக்கவும் மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். துணியில் பொட்டுப்பொட்டாகக் கறை படிவது பயமில்லை. சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் இரத்தம் வழிந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மொட்டு கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். பல மாதங்கள் கழித்துச் சிறுநீர்த்தாரை ஊசிபோல் மெலிந்து மேல்நோக்கி அடித்தால் துவாரம் சுருங்கியிருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

உங்கள் சங்கரன்கோவில் நண்பர் நிம்மதியாகத் தூங்கலாம். பிறக்கும்போது முன்தோலும் மொட்டும் நகமும் சதையும்போல் ஒட்டித்தான் இருக்கும். அது தானாகப் பிரிவதற்குச் சிலருக்கு மூன்று வயதாகும், சிலருக்குப் பத்து வயதுக்கு மேலும் ஆகும். 1968இல் டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், ஆறு ஏழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருந்த தோல் இறுக்கம், பதினாறு பதினேழு வயதில் நூற்றுக்கு ஒருவருக்கே இருந்தது. மூன்று வயதில் பின்னால் போகவில்லை என்பது மட்டுமே சுன்னத்துக்குக் காரணமாகாது. தோலுக்கடியில் ஜவ்வரிசி மணிபோல் வெள்ளையாகத் தெரிவது உதிர்ந்த செல்களின் திரட்சி, சீழ் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது தோல் சற்று உப்பிப் பின் வடிவதும் அந்த வயதில் பெரும்பாலும் தீங்கற்றது. ஒன்றை மட்டும் அவர் இன்றே தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்: குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவித் தோலைப் பின்னால் தள்ளுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஆச்சிமார் நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வேலையால் தோல் கிழிந்து, கிழிந்த இடம் தழும்பாகி, இல்லாத இறுக்கம் உண்டாகிறது. தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல் மொட்டு வீங்கிவிட்டால் அது அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். தோலின் நுனி வெளுத்துக் கெட்டியான வளையமாக மாறியிருந்தாலோ, திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ, சிறுநீர் சொட்டுச்சொட்டாக வந்தாலோ அப்போது சுன்னத் தேவைப்படலாம். இடைப்பட்ட நிலையில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பை நான்கு முதல் எட்டு வாரம் தடவினாலே தோல் இளகிவிடும்.

நோய் வராமல் தடுக்கிறதே, அதற்காகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துவிடலாமே என்று அவர் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். முதல் வயதில் சிறுநீர்த் தொற்று சுன்னத் செய்த குழந்தைகளுக்குக் குறைவுதான். ஆனால், ஒரு தொற்றைத் தடுக்க ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும். 2007இல் உலக சுகாதார நிறுவனம் எய்ட்ஸ் தடுப்புக்காகச் சுன்னத்தைப் பரிந்துரைத்தது, அந்நோய் மிகப் பரவலாக இருந்த ஆப்பிரிக்க நாடுகளை மனத்தில் வைத்து. உங்களுக்கு இது மார்க்கக் கடமை, அவருக்கு இது தேவையில்லாத ஓர் அறுவைச் சிகிச்சை. இருவருக்கும் நான் சொல்வது வேறுபடுவது இதனால்தான்.

உங்கள் விடுப்பு முப்பது நாள் என்பதால், பரிசோதனைகளை முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்குத் தடை இல்லையென்றால் இரண்டாம் வாரத்தில் செய்துவிடலாம். ஆறுவதை நீங்கள் பார்த்துவிட்டுப் போகலாம். மாலையும் குதிரையும் விருந்தும் அவன் ஓடியாடத் தொடங்கியபிறகு இருக்கட்டும். இளையவனுக்குத் துவாரம் கீழே இருப்பது உறுதியானால், அவனுடைய சிகிச்சைக்கான நாளை உங்களின் அடுத்த விடுப்போடு பொருத்திக்கொள்ளலாம். ஒன்றரை வயதுக்குள் வருவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு கவலையாக இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அத்துடன் உங்கள் மைத்துனரையும் அழைத்து வாருங்கள். குடும்பத்தில் இரத்தம் நிற்காத செய்தி யாரிடம் தொடங்கியதோ அவருடைய இரத்தத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். காரணம் அவரிடத்தில் தெரிந்துவிட்டால் பிள்ளைகளிடம் எதைத் தேடுவது என்பது தெளிவாகும். நாளைக்கு ஒரு பல் பிடுங்கவோ விபத்தில் தையல் போடவோ நேர்ந்தால், அந்த விடை அவருக்கும் வேண்டும். அன்று அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவச் சீட்டு உங்கள் மாமியாரின் பெட்டியில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.